ஒரு பந்துக்கு 49 லட்சம் ரூபாய்! - நீலகிரி லைன் வீட்டு டி.வி வரை வந்து சேரும் கிரிக்கெட் கணக்கு

ஏலம் என்றால் என்னவென்று நீலகிரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குன்னூரில் வாராவாரம் தேயிலைத்தூள் ஏலம் நடக்கிறது. அறுபதுகளில் தொடங்கிய வழக்கம். இன்றைக்குக் கம்ப்யூட்டர் திரையில் நடக்கிறது. அங்கே கிலோவுக்கு இரண்டு ரூபாய் இறங்கினால், கோத்தகிரியிலும் மஞ்சூரிலும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்களின் பச்சை இலைக்கு அடுத்த மாதம் விலை இறங்கும். எத்தனை பேர் வாங்க வந்தார்கள், எவ்வளவு கேட்டார்கள், எத்தனை மூட்டை விற்காமல் நின்றது என்பதெல்லாம் இங்கே டீக்கடைப் பேச்சு.

2022 ஜூன் 12-ம் தேதி தொடங்கி மூன்று நாள்கள் இன்னொரு ஆன்லைன் ஏலம் நடந்தது. சரக்கு, ஐ.பி.எல் போட்டிகளை ஒளிபரப்பும் உரிமை. விற்றவர் பி.சி.சி.ஐ. 2023 முதல் 2027 வரை ஐந்து சீசன்களுக்கு மொத்தம் 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. கணக்கில் வைத்த போட்டிகள் 410. ஒரு போட்டிக்கு 118 கோடி. 40 ஓவர், 240 பந்து என்று பிரித்தால் ஒரு பந்துக்கு 49 லட்சம் ரூபாய். வைடும் நோபாலும் இலவசம்!

குன்னூர்க் கணக்கில் சொன்னால் இன்னும் புரியும். தேயிலைத்தூள் கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 49 லட்சத்துக்கு 49 டன் தூள் வேண்டும். ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சை இலை பிடிக்கும். அதாவது, ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோ கொழுந்தைக் கிள்ளி, சுமந்து, எடை போட்டுக் கொடுத்தால் கிடைக்கும் பணம், பும்ரா ஓடிவந்து ஒரு பந்து போட்டு முடிப்பதற்குள் தீர்ந்துவிடும்.

இவ்வளவு பணத்தைக் கொட்டுகிறவர்கள் அதை எங்கிருந்து எடுக்கிறார்கள்? எஸ்டேட் லைன் வீட்டில் டி.வி பார்க்கும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கில் என்ன பங்கு?

காசு கொடுத்து ஒளிபரப்பிய காலம்

இன்று உலகப் பணக்கார வாரியமாக இருக்கும் பி.சி.சி.ஐ, தொண்ணூறுகளின் தொடக்கம் வரை தன் போட்டிகளைக் காட்டச் சொல்லி தூர்தர்ஷனுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. நேரலை செய்ய ஒரு போட்டிக்கு 5 லட்சம் ரூபாய் என்பது தூர்தர்ஷன் வைத்த கட்டணம். நாட்டில் இருந்தது ஒரே டி.வி நிறுவனம். வாங்குபவர் ஒருவர்தான் என்றால் விலையை அவர்தானே சொல்வார்?

அதை உடைத்தது 1993 நவம்பரில் நடந்த ஹீரோ கோப்பை. போட்டியை நடத்திய வங்காள கிரிக்கெட் சங்கம், ஒளிபரப்பு உரிமையை டி.டபிள்யூ.ஐ என்ற வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும் தூர்தர்ஷனும் எதிர்த்தன. கொண்டுவந்த கருவிகளைச் சுங்கத் துறை பிடித்து வைத்தது. நீதிமன்றப் படியேறித்தான் கேமராக்கள் மைதானத்துக்குள் வந்தன. தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான அரையிறுதியில், கடைசி ஓவரில் ஆறு ரன் தேவை என்ற நிலையில் சச்சின் பந்து வீசி மூன்றே ரன் கொடுத்தாரே, அதே தொடர்தான்.

வழக்கு உச்ச நீதிமன்றத்தில் 1995 பிப்ரவரி 9 அன்று முடிந்தது. நீதிபதிகள் பி.பி.சாவந்த், எஸ்.மோகன், பி.பி.ஜீவன் ரெட்டி. அலைவரிசை அரசின் சொத்து அல்ல, மக்களின் சொத்து; அதில் அரசு ஏகபோகம் கொண்டாட முடியாது என்றது தீர்ப்பு. இன்று ரிமோட்டில் நூற்றுக்கணக்கான சேனல்களைப் புரட்டுகிறோம் என்றால், அதற்கான கதவைத் திறந்ததில் ஒரு கிரிக்கெட் தகராறுக்கும் பங்கு உண்டு.

அதன்பின் விலை ஏறிய வேகம் தெரிந்ததுதான். 2017-ல் ஸ்டார் இந்தியா ஐந்து ஆண்டு ஐ.பி.எல் உரிமையை 16,347.50 கோடிக்கு எடுத்தபோது வாயைப் பிளந்தார்கள். அடுத்த ஏலத்தில் அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பெண்கள் பிரீமியர் லீக், ஒரு பந்துகூட வீசப்படுவதற்கு முன்பே ஐந்து ஆண்டுகளுக்கு 951 கோடிக்கு விற்றது.

ஊட்டி கிளப்பிலிருந்து ஷெஃபீல்டு வரை

விளையாட்டைக் காசாக்குவது டி.வி-தான் என்பதற்குச் சரியான உதாரணம் கிரிக்கெட் அல்ல. ஊட்டியோடு பிறப்புத் தொடர்புள்ள ஸ்னூக்கர்! ஜபல்பூரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் 1875-ல் பொழுதுபோக்காக ஆடத்தொடங்கிய இந்த ஆட்டத்துக்கு, நெவில் சேம்பர்லின் 1880-களில் ஊட்டி கிளப்பில்தான் விதிகளை எழுதி மாட்டினார் என்பது ஸ்னூக்கர் வரலாறு. பிறகு பல பத்தாண்டுகள் அது கிளப்களுக்குள்ளேயே கிடந்தது.

1969-ல் பி.பி.சி-யின் இரண்டாவது சேனலுக்குக் கலர் டி.வி-யைப் பிரபலப்படுத்த ஒரு நிகழ்ச்சி தேவைப்பட்டது. பச்சை மேசையில் பல வண்ணப் பந்துகள் உருளும் ஆட்டத்தைவிடப் பொருத்தமானது எது? 'பாட் பிளாக்' என்ற பெயரில் ஸ்னூக்கரைக் காட்டினார்கள். இதற்குப் பச்சைக்கொடி காட்டியவர், பிற்காலத்தில் இயற்கை ஆவணப்படங்களால் உலகப் புகழ்பெற்ற டேவிட் அட்டன்பரோ. 1985-ல் ஷெஃபீல்டில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் இறுதியாட்டம் நள்ளிரவைத் தாண்டியும் நீண்டது. பிரிட்டனில் 1.85 கோடிப் பேர் உட்கார்ந்து பார்த்தார்கள்.

கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொன்று. பல ஆண்டுகள் அந்தச் சாம்பியன்ஷிப்பின் ஸ்பான்சர் ஒரு சிகரெட் நிறுவனம். பிரிட்டனில் 1965-லேயே டி.வி-யில் சிகரெட் விளம்பரம் தடை செய்யப்பட்டுவிட்டது. நேராக விளம்பரம் செய்ய முடியாதவர், போட்டிக்கே தன் பெயரை வைத்துக்கொண்டார். நம் ஊரில் பான் மசாலா கம்பெனிகள் கிரிக்கெட் இடைவேளையில் 'ஏலக்காய்' விற்பது இதே வித்தைதான்.

ஓவருக்கு நடுவே நடக்கும் வியாபாரம்

உரிமை வாங்கியவருக்கு இரண்டு வழிகளில் பணம் திரும்புகிறது. ஒன்று விளம்பரம். பத்து விநாடிக்கு இவ்வளவு என்று விற்கிறார்கள். ஓவர் முடிந்ததும், விக்கெட் விழுந்ததும் சட்டென்று விளம்பரம் பாய்வது அதனால்தான். அவுட் ஆனவர் பெவிலியன் போய்ச் சேர்வதை டி.வி-யில் முழுதாகப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று!

இரண்டாவது, பார்ப்பவர் கட்டும் சந்தா. தொகுப்பில் சேர்க்கும் கட்டணச் சேனலுக்கு டிராய் வைத்திருக்கும் உச்சவரம்பு மாதம் 19 ரூபாய். 18 சதவிகித ஜி.எஸ்.டி சேர்த்தால் 22 ரூபாய் 42 காசு. சின்னத் தொகைதான். ஆனால், தமிழ் வர்ணனைக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று, வெளிநாட்டுத் தொடர் வேறு நிறுவனத்திடம் இருந்தால் அதற்கு ஒன்று என்று சேர்ந்துகொண்டே போகும். 2011 செப்டம்பரில் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு 90 சேனல் என்று மறுபடி தொடங்கியபோது மலையிலும் அதுதான் பேச்சு. 2019-ல் டிராயின் புதிய விதி வந்ததும் அடிப்படைக் கட்டணமே 130 ரூபாயும் வரியும் ஆனது. கட்டணச் சேனல்கள் அதற்கு மேல்.

தேயிலையோடு ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தேயிலைச் சங்கிலியில் இலை பறிப்பவரும் இலை விற்பவரும்தான் கடைசி. தொழிற்சாலை, புரோக்கர், பாக்கெட் கம்பெனி எல்லோரும் எடுத்ததுபோக மிச்சம் அவர்களுக்கு. சிறு விவசாயிகளின் 16 கூட்டுறவுத் தொழிற்சாலைகளைக் கொண்ட இன்ட்கோசர்வ் இருந்தும், பச்சை இலைக்கு ஆதார விலை கேட்டு உண்ணாவிரதம் இருக்க வேண்டியிருக்கிறது. கிரிக்கெட்டில் தலைகீழ். சரக்கை உருவாக்கும் வாரியம் முதலிலேயே முழுப் பணத்தையும் வாங்கிவிடும். நஷ்டம் வந்தால் வாங்கியவர் பாடு. அவர் அதைப் பார்ப்பவர் தலையிலும் விளம்பரதாரர் தலையிலும் இறக்கப் பார்ப்பார்.

ஏழரை மணிச் சண்டை

2022 ஏலத்தில் இன்னொரு சுவாரசியம் உண்டு. டி.வி உரிமைக்கு அடிப்படை விலை போட்டிக்கு 49 கோடி, 57.5 கோடிக்குப் போனது. டிஜிட்டல் உரிமைக்கு அடிப்படை விலை 33 கோடி; 50 கோடிக்குப் போனது. டி.வி 17 சதவிகிதம் ஏறியபோது செல்போன் 51 சதவிகிதம் ஏறியிருக்கிறது.

காரணம் தெரிய எந்த லைன் வீட்டுக்கும் போய்ப் பார்க்கலாம். ஒரே அறை, ஒரே டி.வி. கொழுந்து எடுத்துவிட்டு வந்து, சமைத்து முடித்து உட்காரும் பெண்களுக்குச் சீரியல் நேரமும் ஏழரை, ஐ.பி.எல் டாஸ் முடிந்து முதல் பந்து விழும் நேரமும் ஏழரை. ரிமோட் யார் கையில் என்பதில் பெரும்பாலும் சீரியல் ஜெயிக்கும். பையன்கள் போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் திட்டுக்குப் போவார்கள். வீட்டுக்கு ஒரு டி.வி, ஆளுக்கு ஒரு போன். ஏலத்தில் உட்கார்ந்தவர்கள் போட்ட கணக்கும் இதேதான்.

டிஜிட்டல் உரிமையை வாங்கிய வயாகாம்18 (ரிலையன்ஸ் பக்கம்), 2023-லும் 2024-லும் ஐ.பி.எல்-லை ஜியோசினிமாவில் இலவசமாகக் காட்டியது. டேட்டா மட்டும் இருந்தால் போதும். டி.வி உரிமையை வாங்கிய டிஸ்னி ஸ்டார் சந்தா கேட்கும்போது, பக்கத்துக் கடைக்காரர் அதே சரக்கைச் சும்மா கொடுத்தால் என்ன ஆகும்? 2024 நவம்பர் 14 அன்று இரண்டு கடைகளும் ஒன்றாயின. 70,352 கோடி மதிப்புள்ள இணைப்பு, பெயர் ஜியோஸ்டார். 2025 பிப்ரவரி 14-ல் ஜியோஹாட்ஸ்டார் செயலி வந்தது. கொஞ்ச நேரம் இலவசம், பிறகு சந்தா. மொபைலில் மட்டும் பார்க்க மூன்று மாதத்துக்கு 149 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள். இரண்டு சீசன் பழக்கிவிட்டு மூன்றாவது சீசனில் பில் வந்தது.

149 ரூபாய் மலையேறும்போது கொஞ்சம் கூடிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளத்தாக்குகளிலும் தேயிலைச் சரிவுகளிலும் நெட்வொர்க் வருவதும் போவதுமாக இருக்கும். சந்தா கட்டியும் கடைசி ஓவரில் திரையில் வட்டம் சுற்றினால் அந்தப் பணத்துக்கு யாரைக் கேட்பது?

தலைக்கு மேல் ஒரு சாட்டிலைட்

சந்தாவே இல்லாத வழி ஒன்றும் மலையில் உண்டு. தூர்தர்ஷனின் டி.டி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் தொடங்கியது. டிஷ்ஷும் பாக்ஸும் ஒருமுறை வாங்கிவிட்டால் மாதக் கட்டணம் கிடையாது. அது பயன்படுத்தும் ஜிசாட்-15 சாட்டிலைட் 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. ஊட்டியிலிருந்து பார்த்தால் தென்கிழக்கு வானில், தரையிலிருந்து சுமார் 66 டிகிரி உயரத்தில். கிட்டத்தட்ட தலைக்கு மேலே என்பதால், எதிரே மலை இருந்தாலும் சிக்னல் பெரும்பாலும் மறைவதில்லை. கேபிள்காரர் மரத்துக்கு மரம் கம்பி இழுத்துக் கொண்டுவர வேண்டிய இடத்தில்கூட டிஷ் வேலை செய்யும். தென்மேற்குப் பருவமழை வலுத்தால் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடையும்.

சரி, இதில் கிரிக்கெட் தெரியுமா? தெரியும், ஆனால் எல்லாம் தெரியாது. அதன் பின்னால் ஒரு சட்டப் போராட்டமே இருக்கிறது.

2004-ல் இந்திய அணி நீண்ட இடைவெளிக்குப் பிறகு முழுத் தொடருக்காக பாகிஸ்தான் போனது. உரிமை டென் ஸ்போர்ட்ஸிடம். கேபிள் இல்லாத வீடுகளுக்கு ஒன்றும் தெரியாது என்ற நிலை. சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போடப்பட்டு, தூர்தர்ஷனுக்கும் சிக்னலைக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், டென் ஸ்போர்ட்ஸின் லோகோவோடும் விளம்பரங்களோடும் தூர்தர்ஷனில் ஓடியது.

2007 ஜனவரியில் மறுபடி பிரச்னை. வெஸ்ட் இண்டீஸ் தொடரின் உரிமை வைத்திருந்த நிம்பஸ் நிறுவனம் நேரலையைத் தூர்தர்ஷனுக்குத் தர மறுத்தது. டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு சமரசம் சொன்னது: ஏழு நிமிடம் தாமதமாகக் காட்டலாம்! பக்கத்து வீட்டில் சிக்ஸருக்குக் கத்தி முடித்த பிறகு இங்கே பவுலர் ஓடி வருவார். சில நாள்களிலேயே மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அது 2007-ல் முழுச் சட்டமாயிற்று. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அரசு அறிவிக்கும் போட்டிகளின் சிக்னலைப் பிரசார் பாரதியுடன் பகிர்ந்தே ஆக வேண்டும். டி.வி விளம்பர வருமானத்தில் உரிமையாளருக்கு 75, பிரசார் பாரதிக்கு 25. வானொலிக்குப் பாதிப் பாதி.

இந்திய ஆண்கள் அணியின் ஒருநாள், டி20 போட்டிகள், உலகக் கோப்பை அரையிறுதி, இறுதி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஐ.பி.எல் இல்லை. அது தனியார் அணிகளின் லீக். அதை இலவசமாகக் காட்டுவதும் காட்டாததும் உரிமை வாங்கியவரின் இஷ்டம்.

2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இன்னொரு கோட்டைப் போட்டது. இப்படிப் பகிரும் சிக்னல் தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கும் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டும்தான். தனியார் கேபிளிலும் டி.டி.ஹெச்-சிலும் வரும் தூர்தர்ஷன் சேனலில் அது ஓடக் கூடாது. இதன் விளைவு விநோதமானது. மாதாமாதம் கேபிளுக்குப் பணம் கட்டும் வீட்டில் ஸ்போர்ட்ஸ் சேனல் எடுக்காவிட்டால் இந்தியா ஆடும் ஒருநாள் போட்டி தெரியாது. ஒரு பைசா சந்தா கட்டாத ஃப்ரீ டிஷ் வீட்டில் தெரியும். பழைய ஆன்டெனா காலத்துத் தரைவழி ஒளிபரப்பையும் பெரும்பாலான இடங்களில் மூடிவிட்டதால், இலவசம் என்றால் இனி அந்த டிஷ்தான். ஒரே லைனில் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கும் இந்த வித்தியாசத்தைப் பலரும் கேபிள்காரரின் தவறு என்று நினைத்து அவரிடம் சண்டை போடுகிறார்கள். பாவம், அவர் கையில் ஒன்றும் இல்லை.

வாங்க ஆள் இல்லாவிட்டால்?

மலைக்கு இன்னொரு காதல், கால்பந்து. அதன் கணக்கு கிரிக்கெட்டுக்கு நேரெதிர். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2010 டிசம்பரில், ஆண்டுக்கு சுமார் 50 கோடி என 15 ஆண்டுகளுக்கு வணிக உரிமைகளை ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்தது. ஒப்பந்தம் முடியும் நேரத்தில், 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி உள்ளிட்ட சில கிளப்கள் சம்பளத்தையும் பயிற்சியையும் நிறுத்தின. புதிதாக டெண்டர் விட்டார்கள். நவம்பரில் பெட்டியைத் திறந்தால் ஒரு விண்ணப்பம்கூட இல்லை. குன்னூரில் மூட்டை விற்காமல் நிற்பதுபோல, ஒரு நாட்டின் முதல்நிலை லீக்கே விற்காமல் நின்றது.

கிரிக்கெட்டுக்கு அந்த நிலை வராது. ஆனால், ஒரு பயம் அங்கேயும் எட்டிப்பார்க்கிறது. 2022 ஏலத்தில் டிஸ்னி ஸ்டாரும் வயாகாம்18-ம் எதிரெதிரே உட்கார்ந்து விலையை ஏற்றின. இப்போது இருவரும் ஒரே வீடு. இணைப்புக்கு அனுமதி தந்த போட்டி ஆணையமே இதைக் கவனித்திருக்கிறது. ஐ.பி.எல், ஐ.சி.சி, பி.சி.சி.ஐ போட்டிகளின் டி.வி விளம்பரத்தையும் ஆன்லைன் விளம்பரத்தையும் ஒன்றாகக் கட்டி விற்க மாட்டோம் என்று நிறுவனங்களிடம் உறுதி வாங்கியது.

விளம்பர வருமானத்திலும் ஓட்டை விழுந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை வந்தது. இந்திய அணியின் சட்டையிலிருந்து ட்ரீம்11 பெயர் போனது. கிரிக்கெட் இடைவேளைகளை நிறைத்தவர்களில் பெரும்பங்கு அந்தக் கம்பெனிகள். (அவை போனதில் பல வீடுகளுக்கு நிம்மதி என்பது வேறு விஷயம்.) ஐ.சி.சி போட்டிகளின் டி.வி உரிமையை ஸ்டாரிடமிருந்து எடுத்துக்கொள்வதாக 2022-ல் ஒப்புக்கொண்ட ஜீ நிறுவனம், 2024 தொடக்கத்தில் முடியாது என்று விலகியது.

பி.சி.சி.ஐ-யின் உள்நாட்டுத் தொடர் உரிமையிலேயே ஒரு கீற்று தெரிந்தது. 2018-ல் 102 போட்டிகளுக்கு 6,138 கோடி. 2023-ல் 88 போட்டிகளுக்கு 5,963 கோடி. ஒரு போட்டிக்கான விலை ஏறியது உண்மை. மொத்தத் தொகை இறங்கியது.

வாங்குபவர்கள் குறைந்தால் விலை என்ன ஆகும் என்பது குன்னூர் ஏலத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஆனால், தூள் விலை இறங்கினால் பச்சை இலை விலை இறங்குவதுபோல, உரிமையின் விலை இறங்கினால் வீட்டுச் சந்தாவும் இறங்குமா என்றால், இதுவரை அப்படி எந்த விதியும் இல்லை. ஒரே கடைதான் இருக்கிறது என்றால் கடைக்காரருக்கு இரண்டு பக்கமும் வசதி.

இப்போதைய ஐ.பி.எல் ஒப்பந்தம் 2027 சீசனோடு முடிகிறது. இந்திய அணியின் உள்நாட்டுத் தொடர்களுக்கான உரிமை 2028 மார்ச் வரை. அடுத்த ஏலத்தில், சென்ற முறை ஏலம் தொடங்கும் முன்பே விலகிய அமேசான் போன்ற நிறுவனங்கள் வந்து உட்காருமா என்பதைப் பொறுத்துத்தான் பி.சி.சி.ஐ கேட்கும் விலை நிற்கும். ஐ.பி.எல்-லைச் சட்டத்தின் இலவசப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றால், அதற்கு ஏலம் தேவையில்லை. மத்திய அரசின் ஓர் அறிவிக்கை போதும்.